நாங்கள் காத்த ரகசியம்

ஒருவனுக்குத் தெரிந்தால் அது ரகசியம். இருவருக்குத் தெரிந்தால் அது பேச்சு. மூவருக்குத் தெரிந்துவிட்டால் அது செய்தி. இது என் கட்சி. அப்படியிருக்க, நம் சங்கத்தைச் சேர்ந்த 22 பேர் கூடி ஒரு ரகசியத்தைப் பன்னிரண்டு நாள் காத்தோம் என்றால் நம்புவீர்களா? காத்தோம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு பெருமை மெல்ல எழுந்து போய்விட்டது. அது ஏன் போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

காசி வளாகத்தில் நம் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர்கள் இந்த ஆண்டு 23 பேர். அவர்களுள் மூத்தவர் வேதியியல் ஆராய்ச்சி மாணவரான அண்ணன் ஒருவர். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலரை ரயிலடியில் எதிர்கொண்டு அழைத்து வந்தவர் அவர்தாம். தெற்கேயிருந்து வரும் வண்டி மூடுபனியில் சிக்கி நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தாலும், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேடையில் நிற்பார். "பெட்டியை இப்படிக் கொடு, முதலில் ஒரு டீ குடி" என்பார். இந்தி தெரியாமல் விழித்த என் போன்றவர்களுக்கு அந்த ஒரு வாக்கியந்தான் காசியில் கேட்ட முதல் தமிழ்.

சென்ற ஆடி மாதம் அண்ணனின் தந்தையார் காலமாகிவிட்டார். செய்தி கிடைத்ததும் ஓடினார். ஆனால் காசிக்கும் அவருடைய கிராமத்துக்கும் இடையே உள்ள தூரம் துக்கத்தைப் பார்த்துச் சுருங்கிவிடுமா? அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவன் தம்பி. திரும்பி வந்த அண்ணன் வேறு மனிதராக இருந்தார். ஆய்வுக்கூடம் விட்டால் அறை, அறை விட்டால் ஆய்வுக்கூடம். சிரிப்பார்; ஆனால் அந்தச் சிரிப்பு நமக்காகச் சிரித்தது என்பது தெரியும்.

ஜனவரி 11 அவருக்குப் பிறந்த நாள். சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் பதிவேடு என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில், இரண்டாவது பெயராக அவர் பெயர். எதிரே ஊர், துறை, இரத்த வகை, பிறந்த தேதி. அவரை வியப்பில் ஆழ்த்தும்படி ஒரு சிறு விருந்து வைத்தால் என்ன என்று தோன்றிற்று. தோன்றியதை டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு பேரிடம் சொன்னேன். உடனே ஒரு ஆட்சேபம் எழுந்தது. தந்தை இறந்து ஓராண்டு நிறையவில்லையே, கொண்டாட்டம் கூடுமா? நியாயமான கேள்விதான். அவருடைய தாயாரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, தொலைபேசியில் அழைத்தேன். அந்த அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"பண்டிகைதான் கூடாது, தம்பி. பெற்ற பிள்ளை வயிறாரச் சாப்பிடக் கூடாது என்று யார் சொன்னது? அவனுக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போடுங்கள். தினமும் போனில் 'சாப்பிட்டேன்' என்கிறானே தவிர, என்ன சாப்பிட்டான் என்று சொல்வதே இல்லை."

அதற்கு மேல் எங்களுக்கு வேறு அனுமதி வேண்டியிருக்கவில்லை.

இனி ரகசியத்துக்கு வருகிறேன். நான் புள்ளியியல் மாணவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் கெட்ட வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் ரகசியத்தைக் காப்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒருவர் வாய் மற்றவர் வாயைச் சார்ந்ததில்லை என்றும் கொள்வோம். 22 பேரும் சேர்ந்து காப்பதற்கு உள்ள வாய்ப்பு என்ன? 0.95-ஐ 22 முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.32. அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஆளுக்கு 99 என்று உயர்த்தினால்தான் மொத்தம் 80-ஐத் தொடும். ஆகவே கடுமையான சட்டங்கள் தேவை என்று முடிவு செய்தேன். நண்பர்கள் என்னைக் கேலி செய்தார்கள். "ஆகஸ்டு மாதம் வரவேற்புக் கூட்டத்தில் ஒரு கணக்குச் சொன்னாயே, அது போலவா இது?" என்றாள் ஒரு தோழி.

அந்தக் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த முதலாண்டு மாணவன் ஒருவன் அன்று கடைசியாக வந்து பெயர் கொடுத்தான். அவனோடு நாங்கள் 23 பேர் ஆனோம். நான் துள்ளிக் குதித்து எழுந்தேன். "23 பேர் உள்ள கூட்டத்தில் யாராவது இருவருக்கு ஒரே நாளில் பிறந்த நாள் வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல்! 22 பேர் என்றால் 47.6 சதவீதம், இந்தத் தம்பி வந்ததால் 50.7 ஆகிவிட்டது" என்றேன். ஆண்டுக்கு 365 நாள் இருக்க இது எப்படி என்றார்கள். 23 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கும். ஒவ்வொரு இணையும் ஒரு வாய்ப்பு அல்லவா என்று விளக்கினேன். கைதட்டினார்கள். "அப்படி நம்மில் யாராவது உண்டா?" என்று ஒருவர் கேட்டார். "அதைப் பார்ப்பது குமாஸ்தா வேலை, சூத்திரம் போதும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். மறுபடியும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

நிற்க. என் சட்டங்கள் மூன்று. முதலாவது: அண்ணன் இல்லாத புதிய வாட்ஸ்ஆப் குழு ஒன்று, அதற்குப் பெயர் 'செமஸ்டர் வினாத்தாள்கள்'. இரண்டாவது: வாங்கும் சாமான் எதுவானாலும், கேட்டால், 'பொங்கல் விழாவுக்கு' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது: ஜனவரி 11 அன்று வளாகத்தில் எவரும் 'பிறந்த நாள்' என்ற சொல்லையே வாயால் உச்சரிக்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. மூன்றாவது சட்டத்தை நானே வியந்துகொண்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நண்பர் 'கேக்குக்கு என் பங்கு தந்துவிட்டேன்' என்று பழைய குழுவிலேயே எழுதி, அலறிக்கொண்டு அழித்தார். செய்தி போயிற்று, 'இச்செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் கல்வெட்டைப் போல் நின்றது. நல்ல வேளையாக அண்ணன் அப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

ஆளுக்கு நூறு ரூபாய். முதலில் வந்து கொடுத்தவன் அந்த முதலாண்டுத் தம்பி. ராமநாதபுரம் பக்கத்துப் பையன். கேட்டாலன்றிப் பேசமாட்டான். "வேற வேலை ஏதும் இருந்தாச் சொல்லுங்க அண்ணே" என்றான். சொல்லாமல் இருப்போமா?

வத்தக்குழம்பு நம் ஊரில் ஏழை வீட்டிலும் எளிதாகக் கொதிக்கும். காசியில் அது ஒரு பெரிய யாத்திரை. புழுங்கலரிசி, லங்கா கடைத்தெருவில் 'உஸ்னா' என்று கேட்டதும் கிடைத்தது. கறிவேப்பிலையை இங்கே 'மீட்டா நீம்', இனிப்பு வேம்பு, என்கிறார்கள். ஒரு தோட்டக்காரரைத் தாஜா செய்து ஒரு கொத்து வாங்கினோம். நல்லெண்ணெய் ஒருவருடைய பெட்டியில் ஊறுகாய்க்குத் துணையாக வந்திருந்தது. சுண்டைக்காய் வற்றலுக்குத்தான் அலைந்தோம். கடைசியில் அனுமன் படித்துறைப் பக்கம் போனோம். பாரதியார் இளமையில் தங்கியிருந்த இடம். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் சந்துகள். அங்கே ஒரு பாட்டி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு டப்பாவைக் கவிழ்த்து எங்கள் கையில் கொட்டினார். "அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையா? காசு வேண்டாம், போ" என்றார். வளாகத்துக்குள் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பேராசிரியரின் மனைவியார் தம் சமையலறையையும் கூடத்தையும் எங்களுக்கு ஒப்புக்கொடுத்தார். அவரை மாமி என்றே எல்லோரும் அழைக்கிறோம்.

கேக்கு வேறு விதமான சோதனை. அதில் தமிழில் எழுத வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தோம்; அவர் கோலம் போடுவது போல அதைப் பார்த்து வரைந்தார். 'ழ்' என்பதன் புள்ளிக்கு ஒரு செர்ரிப் பழத்தை வைத்தார். அண்ணனின் பெயரையும் எழுதச் சொன்னபோது, இனி இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். பெயரில்லாத கேக்கோடு திரும்பினோம். அதை மாலை வரை ஒளித்து வைக்க ஓர் அறை வேண்டும். யாரும் சந்தேகப்படாத அறை. அதிகம் பேர் வந்துபோகாத அறை. அந்த முதலாண்டுத் தம்பியின் அறைதான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அவனும் தலையாட்டினான். ஜனவரி 11 காலையிலிருந்து மாலை வரை அவன் அந்தக் கேக்கைக் காவல் காத்தான்.

இதற்கிடையில் எங்கள் இரண்டாவது சட்டம் ஒரு விபரீதத்தை உண்டாக்கியிருந்தது. ஐந்து ஆண்டுகளாகப் பொங்கல் விழாக் கணக்கை எழுதியவர் அண்ணன். இந்த ஆண்டு பொங்கலுக்கு என்று சொல்லி நாங்கள் கூடிய கூட்டங்களில் பேசியதெல்லாம் அவர் விருந்தைப் பற்றி. அவரை எப்படி அழைப்பது? 9-ஆம் தேதி அவராகவே வந்து, "கூட்டம் எத்தனை மணிக்கு?" என்றார். "இந்தத் தடவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் அண்ணா, நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்றேன். "ஓ, சரி சரி" என்றார். போகும்போது என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று நான் குழுவில் எழுதினேன்.

11-ஆம் தேதி மாலை ஐந்து மணி. எல்லாம் தயார். அண்ணனைக் காணோம். ஆய்வுக்கூடத்தில் இல்லை, அறை பூட்டியிருக்கிறது, போன் அணைந்திருக்கிறது. விடுதிக் காவலர், "கேதார் காட் போவதாகச் சொன்னார்" என்றார். ஆட்டோ பிடித்துச் சோனார்புராவில் இறங்கிச் சந்துக்குள் ஓடினேன். படித்துறையில் கூட்டம் அதிகமில்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது, அக்கரை தெரியவில்லை. கீழ்ப்படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"உங்களைத் தேடித்தான் வந்தேன், அண்ணா."

"என்ன வேலை?"

"பொங்கல் கணக்கில் கொஞ்சம் குளறுபடி. நீங்கள் வந்து பார்த்தால்தான் தீரும்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தம்பி, துக்கக்காரன் பொங்கல் வேலையில் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் அதில் தவறில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம். நான் வந்தால் பேச்சு நிற்கிறது. நான் போனால் சிரிப்புக் கேட்கிறது. பத்து நாளாகப் பார்க்கிறேன். இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"

எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் 22 பேருடைய உழைப்பு வீண். சொல்லாவிட்டால் இந்த மனிதருக்கு இன்னும் ஒரு மணி நேர வேதனை. சரியானது எது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. "அண்ணா, ஒரே ஒரு மணி நேரம் என்னை நம்புங்கள். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் இருவரும் பேசவில்லை.

மாமி வீட்டுக் கதவைத் திறந்ததும் கூடத்தில் விளக்கு எரிந்தது. 21 பேர் நின்றிருந்தார்கள். பாட்டில்லை, கூச்சலில்லை, முன்பே அப்படித் தீர்மானித்திருந்தோம். கைதட்டல் மட்டும். மடிக்கணினியின் திரையில் அண்ணனின் தாயார். "அய்யா, சாப்பிட வந்தியா?" என்றார் அந்த அம்மையார். அவ்வளவுதான். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டார். ஆடி மாதத்திலிருந்து அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அன்று அழுதார். பிறகு கேக்கை வெட்டினார். பிறகு உட்கார்ந்து மூன்று முறை வத்தக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். நான் வெற்றி வீரனைப் போல் கூடத்தில் உலாவினேன்.

முதலாண்டுத் தம்பி சோற்றுப் பாத்திரத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தான். ஜன்னலில் வைத்திருந்த அவனுடைய போன் அதிர்ந்தது. 'அம்மா' என்று திரையில் தெரிந்தது. "அப்புறம் பேசுறேன்னு சொல்லிருங்க அண்ணே" என்றான். எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச்சு வந்துவிட்டது:

"ராசா, பிறந்த நாளும் அதுவுமாக் காலையிலிருந்து கூப்பிடுறேன், எடுக்கவே மாட்டேங்கிறியே! புதுச் சட்டை போட்டியா? பிள்ளையாருக்கு உன் பேரில் ஒரு தேங்காய் உடைச்சேன். சாப்பிட்டியா?"

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிடுகிறான் அம்மா, நன்றாக இருக்கிறான் என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவனுடைய பழைய ஸ்வெட்டரின் கழுத்துக்கு மேலே நீலச் சட்டைக் காலர் ஒன்று மடிப்புக் கலையாமல் தெரிந்தது.

என் பையில் பதிவேடு இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இருபத்து மூன்றாவது பெயர். ஊர், துறை, இரத்த வகை. பிறந்த தேதி: ஜனவரி 11. எழுதியிருந்தது என் கையெழுத்து. ஆகஸ்டில் நானே கேட்டு, நானே எழுதி, மை உலருவதற்குள் எழுந்து நின்று, சூத்திரம் போதும் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணனின் தேதியை எடுக்க முதல் பக்கத்தைத் திறந்தவன், கடைசிப் பக்கம் வரை போகவில்லை. பிறந்த நாள்காரனிடமே நூறு ரூபாய் வாங்கி, வாழ்த்து எழுதிய கேக்கை அவன் அறையிலேயே வைத்துக் காவல் காக்கச் சொல்லி, தாயோடு பேசக்கூட வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறோம்.

சமையலறை ஓரத்துக்கு அவனை அழைத்துப் போனேன். "ஏன்டா தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா எனக்கும் செய்யுங்கன்னு கேட்ட மாதிரி ஆயிரும்ல அண்ணே?" என்றான். பிறகு, "இன்னிக்கு அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான். குற்றம் சாட்டும் குரலில்லை. உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றியவன் சொல்வது போலத்தான் சொன்னான். கூடத்தில் அறிவிக்கப் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் அண்ணே. இது அந்த அண்ணனோட நாள். அவர் இன்னிக்குத்தான் சிரிக்கிறார்."

அவன் பேச்சை நான் கேட்கவில்லை. அண்ணனிடம் மட்டும் போய்க் காதில் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை. எழுந்து, கேக்கு இருந்த மேஜையருகே போய், "தம்பி, இங்கே வா" என்று அவனைக் கூப்பிட்டார்.

"இதை நாள் முழுவதும் காத்தவன் நீதானே? என்ன எழுதியிருந்தது?"

"'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்'னு, அண்ணே."

"யாருக்கு என்று எழுதியிருந்ததா?"

"பேர் இல்லை, அண்ணே."

"அப்படியானால் அது நம் இருவருக்கும் சேர்த்து எழுதியதுதானே?" என்று கத்தியை அவன் கையில் கொடுத்தார். முதல் பாதி போய், 'வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்தான் செர்ரிப் பழத்தோடு மீதியிருந்தது. கூடத்தில் ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாமி அவன் தலையில் கையை வைத்தார். நான் அவனுடைய போனை எடுத்து அவன் தாயாரைத் திரும்ப அழைத்துக் கொடுத்தேன். இந்த முறை அவன் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொன்னான்.

நண்பர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனிதருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும் என்று பன்னிரண்டு நாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய மனம் நொந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஏனெனில் அவர் கண்டுபிடித்துவிட்டாரா என்று பார்த்தோமே தவிர, எப்படி இருக்கிறார் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தம்பியையோ பார்க்கவே இல்லை. 22 பேரில் ரகசியத்தை நூற்றுக்கு நூறு காத்தவன் ஒருவன்தான். அவன் இரண்டு ரகசியங்களைக் காத்தான். என் கணக்கில் அதற்கு இடமில்லை. இருவர் இருக்கக்கூடும் என்றுதான் சூத்திரம் சொல்லும். யார் அந்த இருவர் என்பதற்குப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். அது குமாஸ்தா வேலை என்றேன். செயலாளன் வேலையே அதுதான் என்று இப்போது அறிகிறேன்.

பொங்கலன்று அண்ணன் பானைப் பக்கம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார். பக்கத்தில் அந்தத் தம்பி ரசீதுகளை அடுக்கிக் கொடுத்தான். பதிவேட்டை மாத வாரியாகத் திருப்பி எழுதிச் சங்க அறையில் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது உங்கள் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையதைப் பார்த்த பிறகு, அடுத்த வரியையும் பாருங்கள்.

இந்தக் கட்டுரையைத் தம்பியிடம் காட்டி அனுமதி பெற்றுத்தான் கொடுக்கிறேன். "என் பேரை மட்டும் போட்டுறாதீங்க அண்ணே" என்றான். போடவில்லை. அந்த ஒரு ரகசியத்தையாவது அவனுக்காக நான் காக்க வேண்டாமா?